கலைச்சொல் உதவி: ‘ஊக்கமருந்து அடிமை’ வேணாம், வேற என்ன போடலாம்?

எல்லாருக்கும் வணக்கம்,

காட்பாடில டிடிபி கடை வெச்சிருக்கேன். போன வாரம் ஒரு டாக்டரம்மா காலேஜ் பசங்களுக்கு குடுக்க நாலு பக்கம் இங்கிலீஷ்ல குடுத்து தமிழ்ல போட்டுத் தாங்கன்னாங்க, மெத்தாம்பெட்டமின் கொகெய்ன் பழக்கத்துல மாட்டினவங்கள மீட்க மருந்து எப்படி சோதிக்கிறாங்கன்னு விஷயம். மொத வரியே இடிக்குது: ஸ்டிமுலன்ட் டிபெண்டன்ஸ், அதாவது மூளைய கிளப்பி விடற இந்த மாதிரி பொருள விட முடியாம மாட்டிக்கிறது.

பேப்பர்ல வர்ற மாதிரி ‘ஊக்கமருந்து அடிமை’ன்னு அடிச்சு, ஜெராக்ஸ் எடுக்க வந்த ஆட்டோ அண்ணன்கிட்ட நீட்டினேன். “இன்னாப்பா, ரன்னிங் ரேஸ்ல போட்டுக்கினு மாட்டுவாங்களே, அதுவா?”ன்னார். அடுத்த வரி ‘ஊக்கமருந்துக்கு மருந்து’, அதுக்கு “எந்த மருந்துக்கு எந்த மருந்து?”ன்னு தலைய சொறிஞ்சார். சரி அடிமையாவது எடுத்துடலாம், மனுஷன கேவலப்படுத்துற சொல்லுன்னு ‘சார்பு’ போட்டா, தினம் சத்துவாச்சாரி கோர்ட்டுக்கு சவாரி அடிக்கிறவரு, “சார்பு கோர்ட் கேஸா”ன்னுட்டார், சப் கோர்ட்டத்தான் அப்படி சொல்வாங்க!

அதனால என் யோசனை, மருந்துங்கற சொல்ல குணப்படுத்துறதுக்கு மட்டும் வெச்சுப்போம். பழக்கப்படுத்துறது ‘கிளர்போதை’. ஹெராயின் வகைக்கு ‘மயக்கபோதை’ன்னு ஜோடி சேந்துடும். எப்படி இருக்கு?

----

தம்பி,

கிளர்போதை காதுக்கு நல்லாதான் இருக்கு, வினைத்தொகை, நடுவுல ப் போடாம விட்டதும் சரி. ஆனா ராணிப்பேட்டைல இருபது வருஷம் மெடிக்கல்ஷாப்புல நின்னவ சொல்றேன், ஒரே இடத்துல உக்காராத புள்ளைங்களுக்கு டாக்டர் எழுதற மெத்தில்ஃபெனிடேட்டும் ஸ்டிமுலன்ட்தான், அந்தப் புள்ளயோட அம்மாகிட்ட ‘கிளர்போதை மாத்திரை’ன்னு சொல்வியா? இன்னொண்ணு, அதே மாதிரி மாத்திரைங்களயே இந்தப் பழக்கத்துக்கு சிகிச்சையாவும் சோதிச்சிருக்காங்க. அந்தப் பக்கத்துல ‘கிளர்போதைக்கு கிளர்போதை’ன்னு வந்து நிக்கும். பொதுச்சொல்லா ‘கிளர்வூட்டி’ வெய்யி, பழக்கத்த சொல்றப்ப மட்டும் போதைய சேரு. ஊக்கி வேணாம், கெமிஸ்ட்ரி புக்குல வினையூக்கி இருக்கு.

மருந்துப்போலிக்கு, அதான் சோதனைல ஒப்பிட்டுப் பாக்க குடுக்கற மருந்தில்லாத மாத்திரை, ப்ளேசிபோ, அதுக்கு என்ன போட்டே?

----

அக்கா,

அதுவும் ஒரு கூத்து. ‘மருந்துப்போலி’ன்னு போட்டேன், அண்ணன் “போலி மருந்தா, கேஸ் ஆகாதா?”ன்னார், அதனால வெறும் மாத்திரைன்னு மாத்திட்டேன், உள்ள மருந்து இல்லன்னு அடுத்த வரில சொல்லிடறேன்.

நீங்க சொன்ன மாதிரியே ஒரு பத்தி அடிச்சு பாத்தேன்: “ஹெராயின் பழக்கத்துக்கு மெத்தடோன், புப்ரினார்பின் மாதிரி மாத்து மருந்து இருக்கு. கிளர்வூட்டிப் பழக்கத்துக்கு அமெரிக்காவுல மருந்துக்கு அனுமதி தர்ற எஃப்டிஏ ஒப்புதல் குடுத்த மருந்து எதுவும் இல்ல. 2021ல வெளியான ஒரு அமெரிக்க ஆய்வுல மெத்தாம்பெட்டமின் பழக்கம் உள்ள 403 பேர் சேந்தாங்க. ஒரு சாராருக்கு 3 வாரத்துக்கு ஒரு நால்ட்ரெக்சோன் ஊசியும் தினம் புப்ரோபியான் மாத்திரையும், மத்தவங்களுக்கு வெறும் ஊசி, வெறும் மாத்திரை. அது ரெண்டுலயும் மருந்து இல்ல. கடைசில எடுத்த 4 யூரின் டெஸ்ட்ல 3லயாவது மெத்தாம்பெட்டமின் இல்லன்னா பலன்னு கணக்கு. மருந்து போட்டவங்கள்ல 13.6 சதவீதம் தேறினாங்க, மத்தவங்கள்ல 2.5.”

அண்ணன் நிக்காம படிச்சிட்டார். “நூத்துக்கு பதிமூணு பேருதானா”ன்னு மட்டும் கேட்டார், சொல்லுல எங்கயும் தடுக்கல. பாத்தீங்களா, ‘சார்பு’ங்கறதே வேண்டியிருக்கல, ‘பழக்கம்’னு சொன்னாலே புரிஞ்சுது. ஆனா பழக்கம்னா டீ குடிக்கற பழக்கமும்தானே, விட முடியாம மாட்டிக்கிட்டத சொல்ற அழுத்தம் அதுல இல்லன்னு டாக்டரம்மா சொல்றாங்க. ‘விடாப்பழக்கம்’னு ஒண்ணு தோணுது, ‘கிளர்வூட்டி விடாப்பழக்கம்’. கொஞ்சம் நீளம்தான். வெள்ளிக்கிழமை பிரிண்டுக்கு போகணும், அதுக்குள்ள யாராச்சும் சின்னதா சொல்லுங்க.