புதுப்பிப்பு: பழைய விண்டோஸ் 10-க்கே திரும்பியாச்சு

மார்த்தாண்டத்துல நம்ம டிடிபி கடை கம்ப்யூட்டரை விண்டோஸ் 11-க்கு மாத்துனதும் பழைய ஸ்கேனர் படுத்துடுச்சுன்னு புலம்பியிருந்தேன்ல, அதோட தொடர்ச்சி இது. அந்த மாடலுக்கு 11-ல ஓடுற டிரைவர், அதாவது ஸ்கேனரை கம்ப்யூட்டரோட இணைச்சு வேலை செய்ய வைக்கிற சாஃப்ட்வேர், கடைசிவரை கிடைக்கல. ஸ்கேனர் இல்லாம இந்தக் கடையில என்ன பொழப்பு? திரும்பி வந்தாச்சு.

வழி சுலபம்தான்: செட்டிங்ஸ், சிஸ்டம், ரெக்கவரி, அங்க 'கோ பேக்'. ஆனா மாத்துன 10 நாளுக்குள்ள செஞ்சிடணும். பழைய சிஸ்டம் சி டிரைவ்ல 'விண்டோஸ்.ஓல்ட்'ங்கிற ஃபோல்டர்ல கிடக்கும். கெடு முடிஞ்சா தானா அழிஞ்சிடும். "இது சும்மா இடத்தை அடைச்சிட்டுக் கிடக்கு, டெலீட் பண்ணட்டா அண்ணே?"ன்னு கடைப்பையன் மவுஸைக் கையில வச்சிட்டே கேட்டான். எனக்கு நெஞ்சு பக்குன்னு ஆயிடுச்சு! அது போயிருந்தா பென்டிரைவ்ல இருந்து எல்லாத்தையும் புதுசா ஏத்தணும்.

ஃபைல் எதுவும் போகல. 11 வந்தபிறகு போட்ட சாஃப்ட்வேர் மட்டும் காணாம போச்சு, மறுபடி போட்டுக்கிட்டேன். ரெண்டு பருவமழையும் பெய்யுற மாவட்டம் நம்முது, எப்போ கரண்ட் போகும்னு சொல்ல முடியாது. யூபிஎஸ் முழுசா சார்ஜ் ஏறினப்புறம்தான் பட்டனையே தொட்டேன்.

"10-க்கு இப்போ பாதுகாப்பு கிடையாதே"ன்னு கேட்டவங்களுக்கு: நியாயம்தான். 2025 அக்டோபர் 14-ஓட வழக்கமான இலவச அப்டேட் நின்னுபோச்சு. அதனால அந்த கம்ப்யூட்டர்ல நெட் வயரைப் பிடுங்கியாச்சு. ஸ்கேன், டைப்பிங், பிரிண்ட், அவ்வளவுதான். பேங்க் வேலையெல்லாம் லேப்டாப்ல. அதுல 11 நல்லாத்தான் ஓடுது.