மோங் பாட்டி வீட்ல கயிறு கட்டக் கூப்பிட்டிருக்காங்க, என்ன கொண்டு போறது?

கொத்தமல்லிக்கட்டு:
அமெரிக்கால செயின்ட் பால் ஊருக்கு வந்து எட்டு மாசம் ஆகுதுங்க. பக்கத்து வீட்ல ஒரு மோங் இனக் குடும்பம், பாட்டிக்கு எழுபதுக்கு மேல இருக்கும், இங்கிலீஷ் நாலஞ்சு வார்த்தைதான் வரும், ஆனா கோடை முழுக்க வேலிக்கு மேல கையை நீட்டி கொத்தமல்லி, கடுகுக்கீரைன்னு கட்டு கட்டா குடுத்துட்டே இருந்தாங்க. முதல் வாரமே நான் "சைனாவா?"ன்னு கேட்டுட்டேன், அவங்க முகம் சட்டுனு மாறிடுச்சு, அது இன்னும் மனசுல உறுத்துது. இப்போ பேரனுக்கு அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன் ஆகி வீட்டுக்கு வந்திருக்கான். சனிக்கிழமை ஏதோ உயிரைக் கூப்பிடற சடங்காம், எல்லாரும் கையில வெள்ளை நூல் கட்டுவாங்களாம், பாட்டியோட மருமக வந்து எங்களையும் வரச் சொல்லிட்டுப் போனாங்க. நாங்க சைவம். போனா எப்படி நடந்துக்கணும், என்ன எடுத்துட்டு போகணும், தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மிசிசிப்பிக்கரை:
கண்டிப்பா போங்க சிஸ்டர், வெளியாளுங்களை அதுக்குக் கூப்பிடறது பெரிய விஷயம். நம்ம ஊர்ல குழந்தை பயந்துட்டா மந்திரிச்சு கயிறு கட்டுவோம்ல, கிட்டத்தட்ட அதேதான். பயத்துலயோ மயக்க மருந்துலயோ உடம்பை விட்டுப் போன உயிரை வாசல்ல நின்னு வீட்டுக்குத் திரும்பக் கூப்பிடுவாங்க. அப்புறம் ஒவ்வொருத்தரா நூல் கட்டி வாழ்த்து சொல்லணும், நீங்க தமிழ்லயே சொல்லலாம். நூலோட பத்து இருபது டாலர் நோட்டு வைக்கறது உண்டு, நம்ம மொய் மாதிரி. கோழி கட்டாயம் இருக்கும், சோறும் கீரையும் போதும்னு மருமககிட்ட முன்னாடியே சொல்லிடுங்க.

சைனா விஷயம், அவங்க மூதாதையர் அங்க இருந்து அடிபட்டு தெற்க வந்தவங்க, அதான் வலிச்சிருக்கும். இந்தப் பாட்டி தலைமுறை லாவோஸ் மலைக்காரங்க. 1960கள்ல அமெரிக்க உளவுத்துறை சி.ஐ.ஏ. அந்த மலை ஆளுங்களை வச்சு ரகசியமா ஒரு போர் நடத்துச்சு, 1975 மே மாசம் அமெரிக்கா கையை விட்டப்போ லாவோஸ்ல லோங் சியெங்ங்கற போர்த் தளத்துல இருந்து அவங்க படைத்தலைவர் ஜெனரல் வாங் பாவ் கூட விமானத்துல ஏறுனது கொஞ்சம் பேர்தான், மத்தவங்க காட்டு வழியா நடந்து, மூங்கிலைக் கட்டிப்பிடிச்சு மீகாங் ஆத்தை நீந்திக் கடந்து தாய்லாந்து முகாமுக்குப் போனாங்க, ஆத்தோட போனவங்களும் நிறைய. இங்க வந்ததும் ஒரு குடும்பம் ஒரு ஊர்னு பிரிச்சுப் போட்டாங்க. ஆனா பதினெட்டு குலம், ஒரே குலத்துக்குள்ள பொண்ணு எடுக்கமாட்டாங்க, சாவுன்னா மூணு நாலு நாள் சடங்கு, இதுக்கெல்லாம் ஆளுங்க பக்கத்துல வேணுமே? அதனால சொந்தத்தைத் தேடி செயின்ட் பால், ஃப்ரெஸ்னோன்னு ஒண்ணு கூடிட்டாங்க. அந்தப் போர்ல நின்னவங்க இங்கிலீஷ் பரீட்சை இல்லாம குடியுரிமை வாங்கலாம்னு சட்டம் வந்ததே 2000லதான். இருபத்தஞ்சு வருஷம்! எனக்கு அதை நினைச்சா இன்னிக்கும் கோபம் வரும்.

இரவுப்பணி:
நான் நர்ஸ். மேல சொன்னது எல்லாம் சரி, ஒண்ணு மட்டும் சேர்க்கறேன். பல வருஷத்துக்கு முன்னாடி நான் வேலை பார்த்த இடத்துல ஒரு மோங் அம்மாவுக்கு ஒன்பது வயசு பேத்திதான் மொழிபெயர்ப்பு. "பாட்டிக்கு ஈரல் கஷ்டமா இருக்காம்"னு அந்தக் குழந்தை சொல்லுது, டாக்டர் ஈரலுக்கு ரத்தப் பரிசோதனை எழுதுறார், ரெண்டு தடவை எடுத்தும் ஒண்ணும் இல்ல. அப்புறம் ஒரு துபாஷி வந்துதான் சொன்னாங்க, மோங்ல மனசுன்னா ஈரல்தான், ஈரல் கஷ்டம்னா துக்கம். அந்தம்மா முகாம்ல பறிகொடுத்த பிள்ளையைப் பத்தி பேசிட்டு இருந்திருக்காங்க. ஈரக்குலை நடுங்குதுன்னு சொல்ற ஊர்ல பிறந்த எனக்கே அது தோணல. தயவுசெஞ்சு அந்தப் பையனை வச்சு பாட்டிகிட்ட பெரிய கேள்வி எதுவும் கேட்காதீங்க, மருமககிட்ட கேளுங்க.

கொத்தமல்லிக்கட்டு:
போயிட்டு வந்துட்டேங்க, எல்லாருக்கும் நன்றி. பையனுக்கு நூல் கட்டி "நூறு வருஷம் நல்லா இருடா தங்கம்"னு சொன்னேன், என்ன அர்த்தம்னு கேட்டு தலையாட்டிட்டு சிரிச்சான். அப்புறம் பாட்டி என் கையைப் பிடிச்சு எனக்கும் ஒண்ணு கட்டுனாங்க, கட்டிட்டே ஒரு ரெண்டு நிமிஷம் பாட்டு மாதிரி இழுத்து இழுத்து என்னவோ சொன்னாங்க, அவங்க கண்ணு கலங்கிடுச்சு. நான் எதுவும் கேட்கல, பையனா வந்து "நல்லா இருக்கணும்னு சொல்றாங்க"ன்னான். அவ்வளவுதானான்னு மருமகளைப் பார்த்தேன். அவங்க கொஞ்ச நேரம் பேசல, அப்புறம் மெதுவா சொன்னாங்க, அதெல்லாம் பழைய வார்த்தை, எனக்கும் பாதிதான் புரியும்னு.