சேவ் சுத்திக்கிட்டே இருக்கு, சிபியு தூங்குது: டேட்டாபேஸ் லாக் அனுபவங்கள், ஒவ்வொருத்தர் ஊர் பேரோட

திருவொற்றியூர்: கன்டெய்னர் யார்டு கேட்டுல மூணு கவுண்டர், பின்னாடி போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ். மூணுலயும் சேவ் சுத்துது, சிபியு 2 சதவீதம்கூட ஏறலைன்னா லாக்கைத்தான் (ஒருத்தர் மாத்துற வரியை இன்னொருத்தர் தொடாம டேட்டாபேஸ் போடுற பூட்டு) சந்தேகப்படணும். உடனே சர்வரை ரீஸ்டார்ட் பண்ணாதீங்கப்பா. சரியாகிடும், ஆனா யார் பிடிச்சு வெச்சாங்கங்கிற தடயமும் அதோட போச்சு.

எந்த இணைப்பு என்ன செய்யுதுன்னு காட்டுற பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டில வெயிட்_ஈவென்ட்_டைப் 'லாக்'னு இருக்கிற வரிகளை எடுங்க. அந்த பிஐடி (இணைப்போட பிராசஸ் நம்பர்) ஒவ்வொண்ணுக்கும் பிஜி_பிளாக்கிங்_பிஐடிஸ் ஓட்டுங்க, போஸ்ட்கிரஸ் 9.6லேருந்து இருக்கு. 4120ஐத் தடுக்கிறது 4087, 4087ஐத் தடுக்கிறது 3951, 3951க்கு வெறும் {} வந்தா அதுதான் தலை. அதோட ஸ்டேட் பெரும்பாலும் 'ஐடில் இன் டிரான்சாக்‌ஷன்'னு இருக்கும். அதாவது வேலையை ஆரம்பிச்சுட்டு, கமிட் (முடிச்சுப் பதியிறது) போடாம சும்மா நிக்குது. எண்ணூர் ரோட்டு லாரி வரிசைதான் இது. ஹாரன் அடிக்கிறவனை விட்டுட்டு, முன்னாடி வண்டியைப் போட்டுட்டு டீக்குப் போனவனைத் தேடணும்.

பிஜி_கேன்சல்_பேக்கெண்ட் இங்க எடுபடாது. ஓடுற குவெரியை மட்டும்தான் அது நிறுத்தும், இவன் எதையுமே ஓட்டலையே. இணைப்பையே அறுக்கிற பிஜி_டெர்மினேட்_பேக்கெண்ட்தான். அதுக்கு முன்னாடி client_addr (எந்த மெஷின்லேருந்து வந்தான்), xact_start (எப்போ ஆரம்பிச்சான்) ரெண்டையும் குறிச்சுக்கோங்க. குவெரிங்கிற காலத்தை (column) நம்பிடாதீங்க: அதுல இருக்கிறது கடைசியா ஓடினது, லாக் பிடிச்சது அதுக்கு முந்தினதாவும் இருக்கலாம்.

ராயபுரம்: அண்ணே, மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ்ல இன்னொரு வில்லங்கம். லாக்குக்காக டீஃபால்ட்டா 50 விநாடி பார்த்துட்டு 1205 எரர் வரும். அப்போ ரோல்பேக் ஆகிறது (செஞ்சது ரத்தாகிறது) அந்த ஒரு ஸ்டேட்மென்ட் மட்டும்தான், முன்னாடி செஞ்சதெல்லாம் அப்படியே நிக்கும். நம்ம புரோகிராம் எரரை முழுங்கிட்டு கமிட் போட்டா பில் இருக்கும், சரக்கு வரி இருக்காது. 1213 டெட்லாக்னா (ரெண்டு பேர் ஒருத்தரை ஒருத்தர் தடுத்துக்கிறது) முழு டிரான்சாக்‌ஷனும் போயிடும், அது எவ்வளவோ மேல். யார் தடுக்கிறாங்கன்னு சிஸ்.இன்னோடிபி_லாக்_வெயிட்ஸ்ல பாருங்க, கில் கமாண்டையும் அதுவே எழுதிக் கொடுக்கும்.

வண்டி நம்பர்ல இண்டெக்ஸ் இல்லாம அப்டேட் போட்டா, தேடிப் போற வழியில இருக்கிற எல்லா வரியையும் இன்னோடிபி (மைஎஸ்க்யூஎல்லோட ஸ்டோரேஜ் எஞ்சின்) பூட்டிடும் (டீஃபால்ட்டான ரிப்பீட்டபிள் ரீட்ங்கிற ஐசொலேஷன் லெவல்ல). இண்டெக்ஸ் போட்டாலே பாதி சண்டை தீரும்.

மணலி: போஸ்ட்கிரஸ்ல பகல்ல ஆல்டர் டேபிள் (டேபிள் அமைப்பை மாத்துற கமாண்ட்) போடுறவங்களுக்கு ஒரு வார்த்தை. புது காலம் (column) சேர்க்கிறது பெரும்பாலும் கண் இமைக்கிற நேரம்தான். ஆனா நீளமான ரிப்போர்ட் ஒண்ணு அந்த டேபிளைப் படிச்சுக்கிட்டிருந்தா ஆல்டர் அது முடியக் காத்திருக்கும், அதுக்கப்புறம் வர்ற சாதாரண செலக்ட்டும் ஆல்டருக்குப் பின்னாடி நிக்கும். அதனால முதல்ல லாக்_டைம்அவுட் 3 விநாடி வெச்சுட்டுப் போடுங்க. தோத்தா மறுபடி போடலாம்.

திருவொற்றியூர்: ஐடில்_இன்_டிரான்சாக்‌ஷன்_செஷன்_டைம்அவுட்டை 60 விநாடி வெச்சா டீக்குப் போனவன் தானா வெளியே போவான். டீஃபால்ட் 0, அதாவது காலவரையே கிடையாது. கனெக்‌ஷன் பூல் அறுந்த இணைப்பைத் திரும்ப எடுக்குதான்னு முதல்ல டெஸ்ட் சர்வர்ல பார்த்துக்கோங்க.