ரிட்டர்னில் வேறு புடவை வந்தது, க்ளெய்மும் நிராகரிப்பு: என்ன செய்யலாம்?

வணக்கம். இளம்பிள்ளையில் தறிக்காரர்களிடம் நேரடியாக வாங்கி ஒரு ஆன்லைன் விற்பனைத் தளத்தில் புடவை விற்கிறேன். போன வாரம் ஒரு சாஃப்ட் சில்க் புடவை "கலர் வேறு" என்ற காரணத்தோடு ரிட்டர்ன் வந்தது. பிரித்தால் உள்ளே இருந்தது யாரோ கட்டிப் பழசான பாலியஸ்டர் புடவை. ஃபால்ஸ் தைத்திருக்கிறது, முந்தானையில் மஞ்சள் கறை. பார்சலைப் பிரித்ததை லேபிள் நம்பர் தெரிய வீடியோ எடுத்து, நஷ்டத்தை ஈடு செய்யச் சொல்லி தளத்தில் க்ளெய்ம் போட்டேன். "ஆதாரம் போதவில்லை" என்று ஒரே வரியில் மூடிவிட்டார்கள். புடவைக் காசும் போச்சு, ரிட்டர்ன் கூரியர் கட்டணத்தையும் செட்டில்மென்டில் (தளம் எனக்குத் தரும் விற்பனைப் பணத்தில்) பிடித்துவிட்டார்கள். தறிக்காரருக்கு நான் ரொக்கமாகக் கொடுத்தாகிவிட்டது. அதுதான் வயிற்றெரிச்சல்.

மூடிய க்ளெய்மை யாராவது மறுபடி திறக்க வைத்திருக்கிறீர்களா? அனுப்பியபோது கூரியரில் பதிவான எடையும் திரும்பி வந்த எடையும் வேறு. அதைக் காட்டினால் எடுபடுமா? 2020-இன் மின்வணிக விதிகளில், நுகர்வோர் புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்று இருக்கிறது. விற்பவர் புகார் கொடுத்தால் தளத்தின் குறைதீர் அதிகாரி எடுத்துக்கொள்கிறாரா? வக்கீல் நோட்டீஸ் அனுப்பிப் பலன் கிடைத்தவர்கள் இருந்தால் செலவு எவ்வளவு ஆனது என்றும் சொல்லுங்கள்.

அப்புறம், புடவையின் உள்பக்கம் அடையாள டேக் தைத்து அனுப்புகிறவர்கள் இருக்கிறீர்களா? டேக் இல்லாமல் திரும்பி வந்தால் க்ளெய்ம் ஏற்கிறார்களா?