யெஸ்டி டேங்க் துரு: ஆசிட் ஊத்தலாமா, கூடாதா?

அடையாறு_டூஸ்ட்ரோக்:
பழைய யெஸ்டி பைக்கோட பெட்ரோல் டேங்க். டார்ச் அடிச்சுப் பார்த்தா அடிப்பக்கம் முழுக்கத் துரு, சுரண்டினா செதில் செதிலா வருது. பெட்ரோல் டேப் சல்லடை ரெண்டு நாளைக்கு ஒருக்கா அடைக்குது. மேல பெயின்ட் ஒரிஜினல், அது கெடக் கூடாது. பாத்ரூம் ஆசிட் ஊத்தினா ஒரு மணி நேரத்துல வேலை முடியும்ங்கிறாங்க. செய்யலாமா?

ராயபுரம்_ஸ்பேனர்:
தாராளமா செய்யலாம், முறையா செஞ்சா. டேப்பையும் மூடியையும் முதல்ல கழட்டிடுங்க, வார்ப்பு உலோகத்துல ஆசிட் பட்டா பொங்கிடும். ஓட்டையை ரப்பர் கார்க் வெச்சு அடைங்க. துணி சோப்புத்தூள் போட்ட சுடுதண்ணில ரெண்டு தடவை அலசணும். யெஸ்டில 2டி ஆயில் (டூஸ்ட்ரோக் இன்ஜின் ஆயில்) பெட்ரோலோடயே கலந்து போறதால உள்ள பிசுக்கு ஜாஸ்தி, பிசுக்கு இருக்கிற இடத்துல ஆசிட் ஏறவே ஏறாது. அப்புறம் 1 பங்கு ஆசிடுக்கு 3 பங்கு தண்ணி. தண்ணிலதான் ஆசிடை ஊத்தணும், மாத்திச் செய்யாதீங்க. 15 நிமிஷம் குலுக்கிட்டுக் கொட்டி, உள்ள பாருங்க, தேவைன்னா இன்னொரு சுற்று. கடைசில ஆப்பசோடா கரைசல்.

திருவான்மியூர்_கார்ப்:
ஸ்பேனர் அண்ணே, இதுல எனக்கு ஒப்புதல் இல்லை. தெருவுல வண்டில விக்கிற ஆசிட் எவ்வளவு வீரியம்னு விக்கிறவருக்கே தெரியாது. அப்புறம் 1:3 கணக்குக்கு என்ன அர்த்தம்? துருவைத் தின்னு முடிச்சதும் அது நிக்காது, தகட்டைத் தின்ன ஆரம்பிக்கும். ஏற்கெனவே மெலிஞ்ச இடத்துல ஊசி ஓட்டை விழுறது இதனாலதான்.

இன்னொண்ணு, டேங்கோட ரெண்டு தகடும் சேர்ற மடிப்பு. ஹைட்ரோகுளோரிக் ஆசிட் அந்த மடிப்புக்குள்ள இறங்கிட்டா சோடா கரைசல் அங்க முழுசாப் போய்ச் சேராது. தங்கிப்போற குளோரைடு காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்து உள்ளேயிருந்து அரிக்கும். கடலோரத்துல உப்புக் காத்தோடயே மல்லுக்கட்டுறோம், அதையே நாம டேங்குக்குள்ள ஊத்தலாமா? புகை வேற. மூடின ஷெட்டுல திறந்து வெச்சா ரெஞ்ச் செட்டு, ரிம், ஸ்போக் எல்லாம் மறுநாள் பழுப்பாயிடும்.

சிட்ரிக் ஆசிட் போதும், எலுமிச்சை உப்புன்னு சொல்றோமே அதான். பாரிமுனை ரசாயனக் கடைகள்ல கிலோ கணக்குல கிடைக்கும். 10 லிட்டர் தண்ணிக்கு 800 கிராம். கை பொறுக்கிற சூட்டைவிடக் கொஞ்சம் கூட இருக்கட்டும், கொதிக்கிற தண்ணி பழைய பெயின்டைத் தூக்கிடும். வாய் வரைக்கும் நிரப்பணும், பாதி விட்டா தண்ணி நிக்கிற மட்டத்துல ஒரு கோடு அரிச்சு நிக்கும். வாயைச் சுத்தி வாஸ்லின் தடவி, பிளாஸ்டிக் ஷீட் போட்டுக்கோங்க. 12 மணி நேரம் கழிச்சுப் பாருங்க. 24-ஐத் தாண்ட விடாதீங்க, தகடு கறுத்து மறுபடி அரிப்பு தொடங்கும்.

ராயபுரம்_ஸ்பேனர்:
மடிப்பு விஷயம் சரி, ஒத்துக்கிறேன். ஆனா அவர் சொல்றது செதில் துரு, மேலாப்புல படிஞ்ச துரு இல்லை. செதிலுக்கு அடியில சிட்ரிக் போகவே ரெண்டு நாள் ஆகும். நீங்களே 24 மணி நேரம்னு கோடு போட்டுட்டீங்க.

திருவான்மியூர்_கார்ப்:
செதிலை உதிர்க்க வேண்டியது கையாலதான், ரசாயனத்தால இல்லை. பழைய டைமிங் செயின் ஒரு முழம் உள்ள விட்டு, அரை லிட்டர் சோப்புத்தண்ணியோட பழைய போர்வைல சுத்தி, எல்லாப் பக்கமும் திருப்பித் திருப்பி ஆட்டுங்க. நட்டு, போல்ட்டு போட்டா எண்ணிப் போடணும், எண்ணி எடுக்கணும். ஒண்ணு மூலைல மாட்டிக்கிட்டா வண்டி ஓடுறவரைக்கும் கடகடன்னு கேக்கும். செயின்னா ஒரே இழுப்புல வந்துடும். இதுக்கப்புறம் சிட்ரிக் ஊத்தினா ஒரு ராத்திரி போதும்.

பெரம்பூர்_வயரிங்:
பெயின்டும் கெடக் கூடாது, தகடும் கரையக் கூடாதுன்னா மின்பகுப்புதான். வாஷிங் சோடா, லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி. பழைய இரும்புக் கம்பியை வாய் வழியா உள்ள இறக்கணும், டேங்கைத் தொடாம ரப்பர் கார்க்ல குத்தி நிறுத்துங்க, கார்க்ல காத்துப் போக ஓட்டை இருக்கணும். கம்பிக்கு பாசிட்டிவ், டேங்குக்கு நெகட்டிவ். மாத்தினா டேங்கே கரைஞ்சிடும். 12 வோல்ட் சார்ஜர், 2 ஆம்பியர் போதும். இப்போ வர்ற ஆட்டோமேடிக் சார்ஜர்கள் நிறைய பேட்டரியைப் பாக்காம ஆன் ஆகாது, அப்படின்னா பழைய பேட்டரி ஒண்ணை சார்ஜருக்கு இணையா (பேரலல்ல) சேர்த்துக்கோங்க. கம்பில சேறு மாதிரி கட்டும், ஒரு மணி நேரத்துக்கு ஒருக்கா எடுத்துத் தேய்க்கணும்.

எவர்சில்வர் கம்பி கூடவே கூடாது, குரோமியம் விஷமாகி தண்ணில இறங்கும். சாப்பாட்டு உப்பும் கூடாது, குளோரின் வரும். வர்ற குமிழி ஹைட்ரஜன், அதனால மொட்டை மாடிலதான் வேலை. கிளிப்பை எடுக்கிறதுக்கு முன்னாடி சுவிட்சை அணைங்க.

திருவான்மியூர்_கார்ப்:
வயரிங் ஜி, நல்ல முறைதான். ஆனா மின்னோட்டம் கம்பிக்கு நேரா தெரியிற இடத்துலதான் வேலை செய்யும். டேங்க் சேசிஸ் மேல சேணம் மாதிரி உக்காருது, நடுக்குழிவுக்கு அந்தப்பக்கம் கம்பிக்கு மறைவு. துரு அதிகம் தேங்குறதோ ரெண்டு பக்கத் தொங்கல்லயும் அடியில.

பெரம்பூர்_வயரிங்:
கம்பியை வளைச்சு ஒரு தொங்கல்ல ஒரு நாள், அடுத்ததுல ஒரு நாள். நேரம் ஆகும்ங்கிறது உண்மை.

அம்பத்தூர்_லேத்:
எல்லாரும் துருவை எடுக்கிறதோட நிறுத்துறீங்க. எடுத்த தகடு வெறும் தகடு, மழைக்காலம் வந்தா மறுபடி துரு. ரெண்டு பாகம் கலக்குற எபாக்ஸி லைனிங் உள்ள ஊத்தி உருட்டிட்டா கதை முடிஞ்சுது.

ராயபுரம்_ஸ்பேனர்:
லைனிங்குக்கு நான் எதிர்ப்பு. மடிப்புல ஒரு பொட்டுத் துருவோ எண்ணெயோ இருந்தா அங்க ஒட்டாது. அங்கிருந்து உரிஞ்சு தோல் தோலா வந்து டேப்பை அடைக்கும், கார்புரேட்டர் ஜெட்டை அடைக்கும். அதைத் திரும்ப எடுக்கிறது துருவை எடுக்கிறதைவிடப் பத்து மடங்கு வேலை. இப்போ பங்க்ல வர்றது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20. சாதா லைனிங் அதுல ஊறிக் கொழகொழன்னு ஆயிடுது.

அம்பத்தூர்_லேத்:
எத்தனால் தாங்கும்னு டப்பாவுல எழுதியிருக்கிற நோவலாக் எபாக்ஸி வாங்கணும், அது சரி. ஓட்டையே இல்லாத டேங்குக்கு லைனிங் வேண்டாம், அதுவும் சரி. ஆனா ஊசி ஓட்டை நாலஞ்சு இருக்கிற தகட்டுல வெல்டிங் நிக்காது, ஓட்டை பெருசாகும். அங்க லைனிங்தான் வழி. ஒண்ணு ரெண்டு ஓட்டைன்னா ஈயப் பத்து (சால்டரிங்) போதும். டேங்க் காலியா இருக்குன்னு நம்பி நெருப்பு கிட்ட கொண்டுபோகாதீங்க. பெட்ரோலைவிட அந்த ஆவிதான் ஆபத்து. சோப்புத்தண்ணில பல தடவை அலசி, ஓட்டை இருக்கிற இடம் மட்டும் வெளிய தெரியிற மாதிரி தண்ணி நிரப்பிட்டுத்தான் சூடு காட்டணும்.

அடையாறு_டூஸ்ட்ரோக்:
டேங்குல தண்ணி நிரப்பி ஒரு ராத்திரி வெச்சேன், சொட்டு இல்லை. அப்போ செயின், பிறகு சிட்ரிக். காய வைக்கிறது எப்படி? ஸ்பிரிட் ஊத்தி அலசிட்டு ஹேர் டிரையர் வைக்கலாமா?

திருவான்மியூர்_கார்ப்:
வேண்டவே வேண்டாம். ஸ்பிரிட் ஆவியும் டிரையரோட சூட்டுக் கம்பியும் சேர்ந்தா பத்திக்கும். ஒண்ணு ஸ்பிரிட், இல்லை டிரையர், ரெண்டும் சேரக் கூடாது.

சிட்ரிக்கைக் கொட்டினதும் 10 லிட்டர் தண்ணில 200 கிராம் ஆப்பசோடா கலந்து உடனே ஊத்துங்க. நுரைக்கும், அடங்கட்டும். அலசுற தண்ணிலதான் நம்ம ஊருல நிறைய பேர் தப்பு பண்றாங்க. கடலோர போர் தண்ணி உப்பு, அதுல கடைசி அலசல் போட்டா இவ்வளவு பாடும் வீண். கடைசி ரெண்டு லிட்டர் பேட்டரிக்கு ஊத்துற டிஸ்டில்டு வாட்டரா இருக்கட்டும். உதறிட்டு, டிரையர் வெச்சு அரை மணி நேரம். நவம்பர் மாதிரி ஈரக் காத்துல பத்து நிமிஷம் சும்மா விட்டாலே உள்ள ஆரஞ்சு நிறம் பூக்கும், அதனால வெயில் காயிற நாளாப் பார்த்துத் தொடங்குங்க. டேங்க் முழுசா ஆறினதும் 100 மில்லி 2டி ஆயில் ஊத்தி எல்லாப் பக்கமும் உருட்டிடுங்க.

ராயபுரம்_ஸ்பேனர்:
இதோட ஒண்ணு சேர்த்துக்கோங்க தம்பி. இ20 தண்ணியை உறிஞ்சும். வண்டி மாசக்கணக்குல நின்னா எத்தனாலும் தண்ணியும் சேர்ந்து தனியாப் பிரிஞ்சு அடியில உக்காரும். யெஸ்டில லிட்டருக்கு 40 மில்லின்னு கலக்குற ஆயில் மேல பெட்ரோலோடயே நின்னுடும். டேப்பைத் திறந்ததும் கார்புரேட்டருக்கு முதல்ல போறது ஆயில் இல்லாத அந்த அடித்தண்ணி. ஸ்டார்ட் ஆகாது, இல்லை ஓடிப் பிஸ்டன் பிடிச்சுக்கும். யமஹா ஆர்எக்ஸ் 100-க்கு ஆயில் பம்ப் தனி, அதுக்கு இந்தப் பயம் குறைவு. நிறுத்தி வைக்கிறதா இருந்தா சுத்தமா வடிச்சிட்டு ஆயில் பூசி வைங்க.

அடையாறு_டூஸ்ட்ரோக்:
டேப்ல இருக்கிற கார்க் வாஷர் காஞ்சு சுருங்கியிருக்கு. அதையே திரும்பப் போடலாமா?

திருவான்மியூர்_கார்ப்:
போடாதீங்க. ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டு ஸ்பேர் பார்ட்ஸ் கடைகள்ல கேக்கும்போது வைட்டான்னு சொல்லிக் கேளுங்க, சாதா ரப்பர் எத்தனால்ல உப்பிடும். கார்க்தான் வேணும்னா ராத்திரி முழுக்க 2டி ஆயில்ல ஊற வெச்சு மாட்டுங்க. பெட்ரோல் டியூபும் அப்பவே மாத்திடுங்க, நடுவுல ஒரு ஃபில்டர். முதல் 100 கிலோமீட்டருக்கு டேப் அடிக்கிண்ணத்தைத் தினம் கழட்டிப் பாருங்க, மிச்சத் தூள் அங்கதான் வந்து சேரும்.