டொமினிக்கன் சுருட்டின் மென்மை

மயிலாப்பூர் அன்பர்:
திருச்சிச் சுருட்டின் காரத்துக்குப் பழகிய எனக்கு, நண்பர் தந்த டொமினிக்கன் சுருட்டு சுவையற்றதாகத் தோன்றியது. அதை எவ்வாறு சுவைப்பது, ஐயா?

அடையாறு அன்பர்:
அதன் மென்மைக்குப் பெருங்காரணம், கரீபியன் நாடான டொமினிக்கன் குடியரசின் சிபாவோ பள்ளத்தாக்கில் விளைந்து நன்கு பதப்பட்ட உள்ளிலைகளும், துணிப்பந்தல் நிழலில் வளர்த்த கனெக்டிகட் என்னும் புகையிலை வகையின் மேலிலையுமே. நிமிடத்திற்கு ஒருமுறை மட்டும் இழுத்து, புகையை நெஞ்சுக்குள் விடாமல் வாயிலேயே நிறுத்திப் பாருங்கள். பாலேட்டின் வழவழப்பும் தேவதாரு மணமும் மெல்ல வெளிப்படும். விரைந்து இழுத்தால் சூடேறிக் கசந்துவிடும்.

பெசன்ட் நகர் அன்பர்:
நம் கடற்கரை ஈரத்தையும் கவனியுங்கள். 65 முதல் 70 விழுக்காடு ஈரப்பதமே சுருட்டுக்கு உகந்தது. மழைக்காலத்தில் திறந்து வைத்திருந்த என் சுருட்டுகள் ஊறிப்போய் அடிக்கடி அணைந்தன. இறுக மூடும் டப்பாவில் வைத்த பிறகுதான் அந்த மணத்தை உணர்ந்தேன்.

மயிலாப்பூர் அன்பர்:
மிக்க நன்றி. நான் அவசரமாகவே இழுத்திருக்கிறேன். மீதமுள்ள ஒன்றை ஞாயிறு மாலை பொறுமையாகச் சுவைக்கிறேன்.