"வன்கோயின்" என்றால் பாராட்டா?

நொய்யல்கரை, திருப்பூர்:
வணக்கம். பின்னலாடை ஏற்றுமதி நிறுவனமொன்றில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். சென்ற வாரம் வந்த, எங்களிடம் ஆடை வாங்கும் ஜப்பானிய பையர் ஒருவரை நாங்கள் வழக்கமாக உண்ணும் மெஸ்ஸுக்கு அழைத்துச் சென்றோம். கொள்ளு ரசம் வரை நிதானமாகச் சாப்பிட்டவர், பில்லைப் பார்த்ததும், நடுவில் வெள்ளியும் விளிம்பில் பொன்னுமாக மின்னிய நாணயமொன்றை மேசைமேல் வைத்து, "வன்கோயின்!" என்றார். பாராட்டினாரா, மலிவு என்று குறைத்துச் சொன்னாரா என்பது எங்களுக்கு விளங்கவில்லை. அடுத்த மாதம் மீண்டும் வருகிறார்.

சிங்காநல்லூர் வாசகர்:
பாராட்டுத்தானுங்க ஐயா. ஒசாகாவில் பணியாற்றிய மூன்றாண்டும் நான் அன்றாடம் கேட்ட சொல் அது. 'ஒன் காயின்' என்பதே ஜப்பானியர் நாவில் அப்படி ஆயிற்று. அந்தக் காசு, 1982இல் தாளுக்கு மாற்றாக வந்த 500 யென் நாணயம். நீங்கள் கண்ட இருநிற வடிவம் 2021இல் வெளியானது. அது ஒன்றை நீட்டிச் சில்லறை எண்ணாமல் முடித்துக்கொள்ளும் மதிய உணவே 'வன்கோயின் ரன்ச்சி'. மாட்டிறைச்சியை வெங்காயத்தோடு வேகவைத்துச் சோற்றின்மேல் இடும் கியூதோனும், சோற்றின்மேல் கடற்பாசித் தாள் பரப்பிய நோரிபென்னும் இவ்வகையில் பேர்போனவை. அமர்ந்து உண்டால் 10 விழுக்காடு, வாங்கிச் சென்றால் 8 விழுக்காடு நுகர்வு வரி உண்டு. ஆகவே அமர்ந்து உண்பவருக்கு வரியோடு 500க்குள் நிறுத்த வேண்டுமானால், கடைக்காரர் ஏறத்தாழ 454 யென்னுக்கு மேல் விலை வைக்க இயலாது. அரிசி விலையும் ஏறிவிட்டதால் பல கடைகள் இதைக் கைவிட்டுவிட்டன. உங்கள் விருந்தினர் அவ்வளவு மகிழ்ந்ததற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

கூடுதுறை, பவானி:
'செம்பெரோ' என்றும் ஒரு சொல் உண்டே, அதையும் அவரிடம் சொல்லலாமா?

சிங்காநல்லூர் வாசகர்:
வேண்டாமுங்க. 1000 யென்னுக்குள் நாக்குழறும் வரை குடிப்பதைத்தான் அது குறிக்கும். மதியச் சோற்றுக்குப் பொருந்தாது. 'கொஸ்பா' என்று சொல்லுங்கள். கொடுத்த காசுக்கு நிறைவு உண்டு என்பது அதன் பொருள்.

மஞ்சள்மண்டி, ஈரோடு:
நாம் 'அளவுச் சாப்பாடு' என்கிறோம். நம் சொல் இலையில் விழும் சோற்றை அளக்கிறது. அவர்கள் சொல்லோ பையிலிருந்து போகும் காசை அளக்கிறது. ஆயினும் மெய்யான ஒற்றைக்காசுச் சாப்பாடு நம்மிடமும் இருக்கிறது. 2013இல் சென்னையில் தொடங்கி நம் மாநகராட்சிகளுக்கும் வந்த அம்மா உணவகத்தில், சாம்பார் சாதத்தின் விலை 5 ரூபாய். அடுத்த முறை அவரை அங்கே அழைத்துச் செல்லுங்கள்; ஒரே ஒரு 5 ரூபாய் நாணயத்தை அவர் கையில் கொடுத்து, டோக்கனை அவரையே வாங்கச் சொல்லுங்கள்.